காதுக்கு நாலு விரல் தள்ளி

அப்பா அம்மாவை ஒரு நாளும் அடித்ததில்லை. அதை அவரே அடிக்கடி ஞாபகப்படுத்துவார். "உன் மேல என்னைக்காவது கை வச்சிருக்கேனா, சொல்லு." அம்மாவால் மறுக்க முடியாது. அவர் கை வைத்ததெல்லாம் சுவரில்தான். அம்மாவின் காதுக்கு நாலு விரல் தள்ளி.

இந்த வாடகை வீட்டுக்கு வந்ததிலிருந்து சேர்ந்த பள்ளங்கள் கூடத்துச் சுவர் நெடுக இருந்தன. எல்லாம் ஒரே உயரம். புதிதாகப் பார்ப்பவர்கள், படம் மாட்டப் போய் ஆணி இறங்காமல் கைவிட்ட இடங்கள் என்று நினைப்பார்கள். சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் இருந்தது மட்டும் கொஞ்சம் பெரியது. அன்றைக்கு உப்பு கூடிவிட்டது.

வீட்டைக் காலி செய்வதற்கு முந்தின நாள்தான் அம்மா தன் அண்ணனிடம் போனில் வாயைத் திறந்தாள். புது வீட்டுக்கு அப்பாவோடு போகப்போவதில்லை என்றும், தன்னைக் கூட்டிக்கொண்டு போய்விடும்படியும் சொன்னாள். மாமா இன்சூரன்ஸ் சர்வேயர். அடிபட்ட காரைப் பார்த்து, மரத்தில் மோதியதா மாட்டில் மோதியதா என்று சொல்வது அவர் வேலை. பள்ளத்தைக் கண்ணால் பார்க்காமல் யார் சொன்னாலும் கையெழுத்துப் போடமாட்டார்.

"அடிக்கிறாராம்மா?"

"என்னைய இல்லண்ணே. செவத்தை."

"சரி, நாளைக்கு வந்து பாக்குறேன். நீ சொல்றது மாதிரி இருந்தா கையோட கூட்டிட்டு வந்துடறேன். அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க."

ஆனால் அப்பா பெயிண்டர். மறுநாள் காலையிலேயே பள்ளம் அடைக்கிற பட்டி வாளியோடு கூடத்தில் உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் சாவி வாங்க வீட்டுக்காரர் வருகிறார். "ஊரான் செவத்தையெல்லாம் கண்ணாடி மாதிரி பண்றவன் நான். என் வீட்டை இப்படி விட்டுட்டுப் போனா எவன் வேலைக்குக் கூப்பிடுவான்?"

இத்தனை வருடமாக அந்தப் பள்ளங்களை அடைக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தது அம்மாதான். இன்றைக்குக் குறுக்கே நின்றாள்.

"முதல்ல சாப்பிடுங்க."

"ஆகட்டும்."

"குளிச்சிட்டாவது ஆரம்பிக்கலாமே."

"பெயிண்ட் அடிக்கிறவன் குளிச்சிட்டா வருவான்?"

நியாயமான கேள்வி. நான் உப்புத்தாளை எடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டேன். அவர் பையிலிருந்து வேறு தாள் எடுத்தார். பட்டியில் தண்ணீரை அதிகமாக ஊற்றிப் பார்த்தேன். "என்னடா இது, பட்டி கேட்டா கஞ்சி காய்ச்சி வச்சிருக்க. காலேஜ்ல இதான் சொல்லித் தர்றாங்களா?" என்று சிரித்துவிட்டு, மாவைப் போட்டுக் கெட்டியாக்கினார். அன்றைக்கு நல்ல மனநிலையில் இருந்தார்.

அம்மா குளியலறைக் குழாயைத் திறந்து விட்டுவிட்டு மாமாவுக்குப் போன் செய்தாள். வழியில் ஒரு லாரி கவிழ்ந்து கிடக்கிறது, பார்த்து முடித்துவிட்டு வருகிறேன் என்றாராம்.

அப்பா ஒவ்வொரு பள்ளத்தையும் பிரஷ்ஷால் தூசி தட்டி, ஈரத்துணியால் ஒற்றி, தகட்டால் பட்டியை வழித்து அப்பினார். அந்தக் கை அவ்வளவு மெதுவாக ஒரு சுவரைத் தொட்டு நான் பார்த்ததில்லை. பிறகு ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை பெயிண்ட் ஓட்டினார். "அங்கங்க மட்டும் அடிச்சா தேமல் மாதிரி தெரியும்." சாமான்களெல்லாம் வாசலில் நின்ற லாரியில் ஏறின. டேபிள் ஃபேன் மட்டும் சுவரைக் காயவைத்துக்கொண்டிருந்தது. வெயில் சாய்வதற்குள் எங்கள் வீட்டில் எதுவுமே நடந்திருக்கவில்லை.

மாமா அப்போதுதான் வந்தார். செல்போன் விளக்கைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்து, நீளவாக்கில் ஓட்டிப் பார்த்தார். ஒடுக்கு விழுந்த காரை அப்படித்தான் பார்ப்பார்களாம். சின்ன நிழல்கூட விழவில்லை.

"எங்கம்மா?"

"இங்க," என்று அம்மா விரலால் காட்டினாள். "இங்க. அப்புறம் கதவுகிட்ட, இங்க." சுவர் பால் போல இருந்தது.

மாமா தொண்டையைச் செருமினார். "கோவம்னு வந்தா யார் வீட்லதான் இல்ல. கொஞ்ச நாள் பொறுத்துப் பாரேன்."

அம்மா கதவுப் பக்கத்திலேயே நின்றாள்.

அப்பா கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். "வாங்க மச்சான். எப்படி நம்ம வேலை?"

"பிரமாதம் மாப்ள. ஒண்ணுமே தெரியல."

"தெரிஞ்சா அது வேலையா? உள்ள எப்படி இறுகியிருக்கு பாருங்க." கையை மடக்கி, கதவுக்குப் பக்கத்தில் ஓங்கி ஒரு குத்து விட்டார்.

அம்மாவின் தலை தானாக இடது பக்கம் சாய்ந்தது. பதறவில்லை, கத்தவில்லை. பேச்சுக்குத் தலையாட்டுவது மாதிரி சாய்ந்து, கண்ணை மூடித் திறந்து, பழைய இடத்துக்கு வந்தது. கூடத்தின் இன்னொரு மூலையில் என் தலையும் சாய்ந்திருந்ததை மாமா திரும்பிப் பார்த்தபோதுதான் உணர்ந்தேன்.

அப்பா கவனிக்கவில்லை. பட்டி உள்ளே பொக்கென்று சத்தம் வருகிறதா என்று காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மாமா விளக்கை அணைத்தார். சுவரில் இருந்த கையையும், அம்மாவின் காதையும், இரண்டுக்கும் நடுவில் இருந்த இடத்தையும் பார்த்தார்.

"உன் பெட்டி எதும்மா?"

"லாரில, அடியில இருக்குண்ணே."

"மாப்ள, அதை இறக்கச் சொல்லுங்க."

"ஏன் மச்சான், கலர் பிடிக்கலியா?" என்றார் அப்பா.

அப்பா அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அப்புறம் வெளியே போய்க் கயிற்றை அவிழ்த்தார். அவர் போட்ட முடிச்சு, வேறு யாராலும் அவிழ்த்திருக்க முடியாது. கட்டில், பாத்திர மூட்டை, மிக்ஸி எல்லாம் தெருவுக்கு இறங்கின. எதிர் வீட்டில் ஜன்னல் திறந்தது. பெட்டியை அவரே தூக்கி வந்து மாமாவின் காரில் வைத்தார். வைத்துவிட்டு, அதன் மேலிருந்த சுண்ணாம்புத் தூசியைத் துடைத்தார்.

மற்றதெல்லாம் மறுபடி ஏறியது.

"வழி தெரிஞ்சவங்க முன்னால ஏறுங்கப்பா," என்றார் லாரி டிரைவர்.

அப்பா ஏறினார். பக்கத்து இருக்கையைக் கையால் தட்டிச் சுத்தம் செய்துவிட்டு, கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். யாரையும் கூப்பிடவில்லை.

"நீ வாடா," என்றாள் அம்மா, கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு.

"பீரோவை இறக்க இன்னொரு ஆள் வேணும்மா," என்று சொல்லிவிட்டு லாரியில் ஏறிக்கொண்டேன்.