சொல்லாமல் கலந்த பொடி

கேக் மேல் பேர் எழுதுவதில் அந்த பேக்கரியில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. க்ரீம் நிரப்பிய கூம்பை ஓர் அழுத்து அழுத்தினால், பிறந்தநாள் பிள்ளையின் பேர் பிசிறில்லாமல் வந்து உட்காரும். அந்தக் கைக்குத்தான் கண் பட்டதுபோல் நடுக்கம் வந்தது. நரம்பு டாக்டர் கொடுத்த மாத்திரையில் நடுக்கம் குறைந்ததே தவிர, முழுசாக நிற்கவில்லை. "எழுத்து கோணினா வேலை போயிடும்," என்று மனைவியிடம் புலம்பினார்.

மனைவி சும்மா இருப்பாளா? அக்கா சொன்னாள் என்று பூனைக்காலி விதைப் பொடியை வாங்கிவந்து, காலைப் பாலில் கலந்துவிட்டாள். அவரிடம் மூச்சு விடவில்லை. சொன்னால், "டாக்டரைக் கேக்காம வேண்டாம்" என்பார். மனிதர் அப்படி.

சொல்லி வைத்தாற்போல் எழுத்து நேரானது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு ஸ்பூன் இரண்டாயிற்று.

அடுத்த முறை அவரை அழைத்துக்கொண்டு போனபோது டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டார்: "தழை, பொடின்னு ஏதாவது குடுக்கறீங்களா? குடுத்தா இந்தப் பக்கமே வராதீங்க."

"ஐயோ, இல்லீங்க டாக்டர்."

வாயைத் திறந்திருக்க வேண்டிய இடம் அது. பொய் சொல்லிவிட்டு வந்தவளுக்குத் தப்பித்தோம் என்ற நிம்மதி வேறு.

சில வாரங்களில் அவருடைய கழுத்தும் தோளும் தாமாக நெளியத் தொடங்கின. ஒரு மத்தியானம் கடையில், "எலி! எலி!" என்று கத்திக்கொண்டு, எழுதி முடித்த கேக்கைத் தட்டிவிட்டார். அங்கே எலியும் இல்லை, ஒன்றும் இல்லை. கேக் வாங்க வந்த குழந்தை வீறிட்டு அழுதது. முதலாளி அவரைக் கையோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

அன்றுதான் அவள் டாக்டரிடம் அழுதுகொண்டே உண்மையைக் கொட்டினாள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "மாத்திரையில இருக்கற அதே மருந்துதாம்மா அந்த விதையிலயும் இருக்கு. அதனாலதான் நடுக்கம் கேட்டுச்சு, அதனாலதான் அளவு மிஞ்சிப் போயி இந்த நெளிவும் எலியும் வந்துச்சு. தெரிஞ்சிருந்தா அளவைச் சரி பண்ணியிருப்பேன்." பிறகு அவரே, "நான் கேட்ட லட்சணத்துக்கு நீங்க எப்படிச் சொல்லுவீங்க?" என்றார்.

பொடி நின்றது. நெளிவும் எலிகளும் போயின. ஆனால் அதற்குள் பேக்கரியில் வேறொருவர் பேர் எழுத ஆரம்பித்திருந்தார். வீட்டில் அவர் அவளைத் திட்டவில்லை. "எங்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்று மட்டும் கேட்டார். அதற்கு அவள் நாலு அடியே வாங்கியிருக்கலாம்.

பிறகொரு நாள் ஆஸ்பத்திரியில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் கிசுகிசுத்தாள்: "நானும் எங்கப்பாவுக்கு ஒரு வேர்க் கஷாயம் குடுக்கறேங்க்கா. டாக்டருக்குத் தெரிஞ்சா கத்துவாரே?"

"கத்தட்டும்மா. செடியில மருந்து இருக்கு, இல்லேங்கல. மருந்துன்னா அது குடிக்கறவருக்கும் தெரியணும், டாக்டருக்கும் தெரியணும். அன்னிக்கு நான் அந்தத் திட்டை வாங்கியிருந்தா, எங்க வீட்டுக்காரர் இன்னிக்கும் பேர் எழுதிக்கிட்டு இருப்பாரு."