இருநூறு படங்களும் ஒரு வரைபடமும்

வீட்டில் இருந்த கணினி ஒன்றுதான், அது மருமகளுடையது. கட்டட வரைபடம் போடுகிறவள். ஒரு பள்ளிக்கூடத்தின் வரைபடத்தை மாலை நான்கு மணிக்குள் அனுப்பியாக வேண்டும். "சைட்டுக்குப் போயிட்டு மதியம் வந்துடறேன் அத்தை, அதுவரைக்கும் நீங்க வச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

தொலைபேசி நிலையத்தில் இருந்து ஓய்வு பெற்ற மாமியாருக்குச் சமீபத்தில்தான் வானத்தைப் படம் பிடிக்கும் பித்துப் பிடித்திருந்தது. மாடியில் நின்று ஆண்ட்ரோமீடா என்ற விண்மீன் மண்டலத்தை இருநூறு படங்கள் எடுத்திருந்தார். ஒவ்வொன்றிலும் ஒரு மங்கல் திட்டு. மீதியெல்லாம் புள்ளி புள்ளியாக, படம் எடுப்பவர்கள் 'இரைச்சல்' என்கிற அழுக்கு. எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் இரைச்சல் அடங்கி, மங்கல் துலங்கும் என்று அவர் பார்த்த ஒரு காணொளியில் சொல்லியிருந்தார்கள்.

அடுக்கும் மென்பொருள் பாதியில் நின்று, இடம் போதவில்லை என்றது. 'பழசு' என்றொரு கோப்புறை கண்ணில் பட்டது. பழசுதானே என்று அழித்தார். குப்பைத் தொட்டியையும் காலி செய்தார். வேலை மறுபடி ஓடியது.

தொண்ணூறு சதவீதம் ஆகும்போது மருமகள் வந்தாள்.

"அத்தை, 'பழசு' எங்க?"

"இடம் பத்தலைன்னு அழிச்சுட்டேன்மா. பழசுதானே..."

மருமகளின் முகம் வெளுத்தது. "பழைய ஸ்கூல் பில்டிங்க இடிச்சுக் கட்றாங்க அத்தை. அதனாலதான் அந்தப் பேரு. என் டிராயிங் அதுக்குள்ளதான் இருந்துச்சு!"

"முதல்ல ஓடுறத நிறுத்துங்க. அது எழுத எழுத, அழிஞ்ச இடத்து மேலதான் எழுதும்."

தொண்ணூற்று மூன்று. மாமியார் நிறுத்தும் பொத்தானை அழுத்தினார்.

மருமகள் பென் டிரைவைச் செருகி, அழிந்ததை மீட்கும் மென்பொருளை ஓடவிட்டாள். பேரில்லாத கோப்புகள் ஒவ்வொன்றாக வந்தன. முதலாவது திறக்கவே இல்லை. இரண்டாவதில் பாதிச் சுவர்தான் இருந்தது. மூன்றாவது முழுசாகத் திறந்தது. ஆனால் முந்தின நாள் பதிப்பு, மாடிப்படி திருத்தப்படாதது. மருமகள் பல்லைக் கடித்துக்கொண்டு மாடிப்படியை மறுபடி வரைந்தாள். மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நான்கு மணிக்குச் சற்று முன்னால் வரைபடம் போய்ச் சேர்ந்தது.

"தப்பு என்மேலதான்மா" என்றார் மாமியார்.

மருமகள் எழுந்து போய், அலமாரியில் இருந்து ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கை எடுத்து வந்து மேஜைமேல் தொப்பென்று வைத்தாள்.

"இனிமே உங்க வானமெல்லாம் இதுலதான்."

படங்கள் கேமரா கார்டில் பத்திரமாக இருந்தன. மாமியார் ஆரம்பத்தில் இருந்து அடுக்கினார். இருட்டும் நேரத்துக்கு வேலை முடிந்தது. திரை முழுக்கக் கறுப்பு.

"இதுக்கா இவ்வளவும்?" என்றாள் மருமகள். குரலில் இன்னும் சூடு ஆறவில்லை.

"இரும்மா, உள்ள இருக்கற வெளிச்சத்தை இழுத்துக் கூட்டணும்." திரையோரத்துப் பட்டைகளில் எதை, எவ்வளவு என்பதுதான் மாமியாருக்குச் சரியாகத் தெரியாது. ஒன்றை நகர்த்தினார். படம் பச்சையாகிச் சட்டென்று வெளுத்துப் போனது.

"ஐயோ, போச்சா?"

"போகல அத்தை. பின்னாடி வாங்க... இன்னும் கொஞ்சம்... நிறுத்துங்க!"

சாய்ந்த தட்டுப்போல ஒரு வெளிச்சம், அதன் நெஞ்சில் கறுப்பு வரிகள். மருமகள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரையோரத்தைத் தொட்டாள்.

"இங்க சின்னதா இன்னொண்ணு இருக்கே, அது என்ன?"

"தெரியலையேம்மா" என்றார் மாமியார்.