டார்லாதான் டார்லா என்பதற்குச் சாட்சி

ஒரு மனிதரின் பெயரைக் காப்பதே அரசின் தலையாய கடமை என்று எங்கள் மாநிலத்தின் அடையாளத் திருட்டுத் தடுப்புச் சட்டம் முதல் வரியிலேயே முழங்குகிறது. அமெரிக்காவின் நடுவயிற்றில், சோளக்காட்டுக்கு நடுவே நடக்கும் ஆகஸ்ட் கண்காட்சியில், பன்றிப் பட்டிக்கும் 'ஆப்பிள் பை' பலகாரப் போட்டிக்கும் இடையில் ஒரு கூடாரம் போட்டு அந்தக் கடமையை நாங்கள் நிறைவேற்றிக்கொண்டிருந்தோம். பட்டிப் பக்கமிருந்து காற்றடித்தால் ஒருவரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள்.

கூடாரத்துக்குத் தலைவர் நுகர்வோர் பாதுகாப்புத் துணை இயக்குநர் பிரஸ்டன் அகர்லி. அந்த வெயிலிலும் கோட்டு, கோட்டில் மாநில முத்திரை. "விழிப்பே உங்கள் பூட்டு" என்று அச்சடித்த பேனாக்களைப் பிரசாதம் போல நீட்டுவார். நான் அவருடைய எழுத்தர். மின்விசிறியும் பதிவேடும் என் பொறுப்பு.

வெள்ளிக்கிழமை மதியம் டார்லா வோபோரில் வந்தார். இருபத்தாறு வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். பக்கத்து மாவட்டத்தில் குடித்துவிட்டுக் காரோட்டிப் பிடிபட்ட எவளோ ஒருத்தி, டார்லாவின் பெயரையும் பிறந்த தேதியையும் சொல்லிவிட்டு நழுவியிருக்கிறாள். உரிமம் ரத்தானது டார்லாவுக்கு. எங்களிடம் 'அடையாளத் திருட்டில் பாதிக்கப்பட்டவர்' என்ற அட்டை வாங்கி உரிம அலுவலகத்தில் காட்டினால் அது திரும்பக் கிடைக்கும். திங்கட்கிழமை பள்ளி திறப்பு. அன்று ஸ்டியரிங்கில் அவர் இல்லையென்றால் அந்தப் பேருந்து வேறொருவர் கைக்குப் போய்விடும்.

"படம் ஒட்டின அத்தாட்சி ரெண்டு குடுங்க, மேடம்," என்றார் பிரஸ்டன்.

"மேடமா? ஏன்டா பிரஸ்டன், எட்டு வருஷம் என் பஸ்ஸுலதானே வந்தே?"

"ட்யூட்டி நேரத்துல எனக்கு யாரையும் தெரியாதுங்க."

"இருந்த ஒரு படமும் லைசென்ஸோட போயிடுச்சு. இந்தா, லைப்ரரி கார்டு. இந்தா, மீன் பிடிக்கிற லைசென்ஸ்."

"ரெண்டுலயும் முகம் இல்லையே."

"முகம் இங்க இருக்குடா, கழுத்துக்கு மேல!"

வேலிக்கு அந்தப் பக்கம் பன்றிக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்த வர்ஜில் ஸ்டூகல் நிமிர்ந்தார். "மூணாவது சீட்டுல வாந்தி எடுத்தானே, அதை எடுத்துச் சொல்லு டார்லா. ஞாபகம் வந்துடும்!"

எங்கள் கூடாரத்தில் முதல்முறையாகக் கூட்டம் சேர்ந்தது.

பிரஸ்டன் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "திருடங்களும் இப்படித்தான் வருவாங்க. சிரிச்சுப் பேசுவாங்க, பழங்கதை சொல்லுவாங்க. நான் ஏமாந்தா இந்த மாநிலமே ஏமாந்த மாதிரி."

"அப்ப நான் டார்லா வேஷம் போட்டுட்டு வந்திருக்கேனா? இந்த முட்டிவலியை வேணும்னு கேட்டு எவடா திருடுவா?"

கூட்டம் சிரித்தது. டார்லா சிரிக்கவில்லை. "திங்கக்கிழமை காலையில அந்தப் பிள்ளைங்க ரோட்டுல நின்னு என்னைத்தான் தேடும், பிரஸ்டன்," என்றார், குரலை இறக்கி.

எனக்கு மனசு கேட்கவில்லை. "சட்டத்துல இன்னொரு வழி இருக்குங்க," என்றேன். "படம் இல்லாதவங்களுக்கு, ஊர்க்காரங்க ரெண்டு பேரு சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட்டா போதும்."

"அதெல்லாம் புத்தகத்துல இருக்கிறது," என்றார் பிரஸ்டன் அவசரமாக. "நடைமுறைக்கு ஒத்துவராது."

"இதுவரைக்கும் யாருக்காச்சும் அப்படிக் குடுத்திருக்கீங்களா?" என்று வர்ஜில் வேலிமேல் சாய்ந்து கேட்டார்.

"ஒருத்தருக்குக் குடுத்திருக்கோம்," என்றேன். "பதிவேட்டுல இருக்கு. எடுத்து வாசிக்கட்டுமா?"

"வேணாம்!" என்றார் பிரஸ்டன். காது வரை சிவந்திருந்தது. "சத்தியப் பத்திரத்தை எடுங்க."

வர்ஜில் சோப்பு நுரையோடு வலது கையைத் தூக்கினார். பலகாரப் போட்டி நடுவரம்மா ப்யூலா முள்கரண்டியைக் கீழே வைக்காமலே தூக்கினார். டார்லா டார்லாதான் என்று இருவரும் மாநிலத்தின் பெயரால் உறுதி சொன்னார்கள். பன்றி கூட ஒருமுறை உறுமியது. பத்து நிமிடத்தில் அட்டை கைக்கு வந்தது. டார்லா, பிரஸ்டனின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, பேனா ஒன்றையும் எடுத்துக்கொண்டு, நேரே உரிம அலுவலகத்துக்கு நடந்தார்.

பதிவேட்டில் இருந்த அந்த ஒருத்தர் பிரஸ்டன் அகர்லி. எங்கள் அலுவலகத்திலிருந்து பேசுவதாகச் சொன்ன ஒருவனை நம்பி, சரிபார்ப்பதற்காக, தன் ஓட்டுநர் உரிமத்தையும் பாஸ்போர்ட்டையும் தபாலில் அனுப்பியிருந்தார்.