பொன்னாயியின் கால்

தோல்வாரின் பக்கிள் துருவேறி இறுகியிருந்தது. கலாவதி பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்ததில் அம்மாவின் பொய்க்கால் கையோடு கழன்று வந்தது. உயிர் போன உடம்பைக் குளிப்பாட்டத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு முத்தாயி சொம்பைக் கீழே வைத்துவிட்டாள். முழங்காலுக்குக் கீழே மிச்சமிருந்த சாண் காலின் நுனி கறுத்து அழுகியிருந்தது.

“ஐயோ சாமி, இதோடவா களத்துக்கு நடந்தா?”

வெறும் காய்ச்சல் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். பதினோரு வருஷத்துக்கு முன் சேலத்தில் ஏதோ ஒரு முகாமில் அளவெடுத்துக் கொடுத்த கால். சதை வற்றி அது தொளதொளத்துப்போனதும், உள்ளே துணியைத் திணித்துக்கொண்டு பொன்னாயி எஸ்டேட்டின் காப்பிக் களத்துக்கு ஏறி இறங்கியிருக்கிறாள். விளக்கை அணைத்த பிறகுதான் கழற்றுவாள். காய்ச்சலில் கிடந்த ஐந்து நாளும் அதைக் கழற்றவே விடவில்லை. வாடை வந்தபோது மூட்டுத் தைலம் என்றாள். வலி என்று வாயைத் திறந்ததில்லை. வைராக்கியக்காரி என்று எஸ்டேட் லைன் வீட்டுச் சனமெல்லாம் மெச்சிக்கொண்டிருந்தது. ஒரே பாயில் படுத்தும் கலாவதிக்குத் தெரியாமல் போயிற்று.

குளிப்பாட்டி முடித்ததும் தாய்மாமன் கருப்பண்ணன் உள்ளே வந்தான்.

“காலை மாட்டி உடு கண்ணு. அக்கா முழுசாப் போவட்டும்.”

“இது குழிக்குள்ள போவக் கூடாதுங்க மாமா. எங்கூட மெட்ராசுக்கு வருது.”

நாளை மறுநாள் அங்கே இன்டர்வியூ. செயற்கைக் கால் செய்யும் படிப்பு. ஞானசுந்தரி டீச்சர் வற்புறுத்தி மனுப் போட வைத்தபோது கலாவதிக்கு அதில் பெரிய ஆசை இருக்கவில்லை.

“துக்க ஊட்லருந்து கெளம்பறதா? அக்கா வேலைய உனக்கே தரேன்னு எஸ்டேட் ரைட்டர் சொல்லிட்டாரு. எத்தன பேருக்குக் கெடைக்கும்?”

“அந்த வேலைக்கு நான் போவலீங்க. இதுக்குள்ள கையை உட்டுப் பாருங்க.”

கருப்பண்ணன் காலின் குழிவுக்குள் கையை விட்டான். சீழ் காய்ந்து விறைத்த துணி வந்தது. அதன் அடியில் உடைந்திருந்த விளிம்பு விரலைக் கீற, வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டான்.

“மலையேறி எறங்குற பொம்பளைக்கு இப்படியா செஞ்சு குடுக்கறது? நான் கத்துக்கிட்டு வரேனுங்க மாமா.”

கருப்பண்ணன் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டான். வாசலுக்குப் போய் ஆட்களிடம் கத்தினான். “சீக்கிரம் தூக்குங்கப்பா. பாப்பா காலைல மொத பஸ்ஸப் புடிக்கோணும்.”

பாடையில் வெள்ளைத் துணி ஒரு பக்கம் முழங்காலுக்குக் கீழே படிந்து தட்டையாகக் கிடந்தது. அந்த இடத்தில் வைக்க முத்தாயி ஒரு பழைய சேலையைச் சுருட்டி எடுத்து வந்தாள். கலாவதி அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, துணியின் சுருக்கத்தை இழுத்து நேராக்கினாள்.