மாறிலிக்கு வந்த கோபம்

மாமியாருக்குக் கண் கொஞ்சம் மங்கல்தான். காது மட்டும் படு கூர்மை. கூடத்தில் தையல் மெஷினை மிதித்துக்கொண்டே சமையலறைப் பேச்சை ஒன்றுவிடாமல் கேட்டுவிடுவாள். அன்று மாலை அங்கே நடந்தது கணக்குப் பாடம். மறுநாள் காலை மருமகளுக்குப் பரீட்சை. போன தடவை கோட்டைவிட்ட அதே பரீட்சை. மருந்துக் கடையில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவள், வாயில் நுழையாத சொற்களையெல்லாம் சொந்தக்காரர்கள் தலையில் கட்டி மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். மகன் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்டான்.

“தொடுகோடு?”

“உங்க அக்கா. வளைவை ஒரு புள்ளியில தொட்டுட்டு நேரா போய்க்கிட்டே இருக்கும். அவங்களும் வருவாங்க, செருப்பைக்கூடக் கழட்டாம ஒரு வார்த்தை பேசிட்டுக் கிளம்பிடுவாங்க.”

பெற்ற மகளைச் சொன்னால் கோபம் வரவேண்டும். மாமியாருக்குச் சிரிப்புதான் வந்தது. உண்மையாயிற்றே!

“அணுகுகோடு?”

“உங்க தம்பி தேடுற வேலை. கிட்டக்க கிட்டக்கப் போவாரு, கடைசிவரைக்கும் தொடமாட்டாரு.”

“நீள்வட்டம்?”

“நீங்க சுத்துற பாதை. உள்ளே ரெண்டு குவியம், நானும் அத்தையும். ஒருத்தர்கிட்ட நெருங்கினா இன்னொருத்தருக்குத் தூரம். ரெண்டு தூரத்தையும் கூட்டினா எப்பவும் ஒரே அளவு.”

மகன் அவசரமாக அடுத்த பக்கத்தைப் புரட்டினான். அவன் எந்தப் பக்கம் பேசுவது, பாவம்!

“சரி, மாறிலி?”

“அத்தைதான். எது மாறினாலும் அவங்க மாறமாட்டாங்க.”

மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அப்படிச் சொல்லு!

“மாறிலியை வகையிட்டா?”

“பூஜ்ஜியம்!”

மெஷின் நின்றது. மருமகள் பரீட்சைக்குப் போட்டுப்போக வேண்டிய சட்டை, ஒரு கை தைத்து மறு கை தைக்காமல் தொங்கியது. இத்தனை வருஷம் இந்த வீட்டுக்கு உழைத்துக் கொட்டியதற்குக் கிடைத்த பட்டம் பூஜ்ஜியமா? கோபம் வந்தது. அதைவிட, அது உண்மையாக இருந்துவிடுமோ என்று பயமாகவும் இருந்தது. இரண்டு துணியைப் பையில் திணித்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

“எங்க அத்தை கிளம்பிட்டீங்க?”

“மக வீட்டுக்கு. பூஜ்ஜியத்துக்கு இங்க என்ன வேலை?”

மகன் இருவருக்கும் நடுவில், நூல் பிடித்தாற்போல் சம தூரத்தில் நின்றான். மருமகள்தான் ஓடிவந்து பையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

“ஐயோ அத்தை! அது வகையீடு, ஒண்ணு எவ்வளவு வேகமா மாறுதுன்னு பார்க்கிற கணக்கு. மாறாததுக்குப் பூஜ்ஜியம்தானே வரும்? அதுக்கு நேரெதிரா தொகையீடுன்னு ஒண்ணு இருக்கு. எல்லாம் போட்டு முடிச்சு, கடைசியில மாறிலியைச் சேர்க்கணும். இல்லேன்னா விடை தப்பு. போன தடவை நான் ஃபெயிலானதே அதை விட்டுட்டதாலதான்.”

மாமியார் முறைத்தாள்.

“என்னைச் சேர்க்காததாலயா ஃபெயிலான?”

“ஆமா அத்தை.”

“நல்லா வேணும்டி உனக்கு,” என்றாள். பையை மூலையில் எறிந்துவிட்டு மெஷினில் உட்கார்ந்தாள். மறு கைக்கு இரட்டைத் தையலே போட்டாள்.

மறுநாள் காலை மருமகள் படியிறங்கிக்கொண்டிருந்தபோது, மாமியார் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, தெருவே கேட்கக் கத்தினாள்.

“கடைசி வரியில என்னைச் சேர்க்க மறந்துடாதடி!”

“நீங்க இல்லாம எனக்கு எந்தக் கணக்கும் தேறாது அத்தை!” என்று கீழிருந்து பதில் வந்தது.

ஏதோ சொத்து எழுதப் போகிறார்கள் என்று நினைத்து எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

“என்ன பார்க்கிறீங்க? நான்தான் மாறிலி,” என்றாள் மாமியார்.