இரண்டு சின்ன ஹார்ன்

கடற்கரைச் சாலையில் இருக்கும் அந்த கிளப்புக்கு முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. பின்பக்கம் சமையலறைப் புகைபோக்கியும் காலி பாட்டில் கூடைகளும் ஒரு நீளமான சிமெண்ட் மேடையும். அந்த மேடை டிரைவர்களின் இடம். குடித்தவர்களை அவர்களுடைய காரிலேயே ஏற்றி வீட்டில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்கள் வேலை. தங்களைத் தாங்களே ஸ்டெப்னி என்று சொல்லிக்கொள்வார்கள். சொந்த டயரில் காற்றுப் போன பிறகுதான் நம்ம ஞாபகமே வரும் என்பார் சித்தப்பா.

யாருக்குச் சித்தப்பா என்று யாரும் கேட்டதில்லை. அவர் கார் ஓட்டுவதில்லை. கார் போகும்போது பின்னாலேயே பைக்கில் போய், வேலை முடிந்த டிரைவரை ஏற்றிக்கொண்டு திரும்புவார். எப்போதோ விழுந்து வாரியதில் அந்த பைக்கின் முகப்பு விளக்கு கோணிக்கொண்டுவிட்டது. சாலையைப் பார்க்காமல் மரக்கிளையைப் பார்க்கும். சித்தப்பா போற வழியில காக்கா எல்லாம் விடிஞ்சுடுச்சுன்னு கத்தும் என்று மேடையில் கேலி செய்வார்கள்.

டிரைவர்களில் அவள் ஒருத்திதான் பெண். காலை எப்போதும் பிரேக் மேலேயே வைத்திருப்பதால் பிரேக்கக்கா. அவளும் அந்தப் பெயருக்குச் சிரித்துக்கொள்வாள். ஆனால் முன்னால் நீளும் சாலைக்கு அவள் ஒருநாளும் பயந்ததில்லை. அவள் பயம் முதுகில் இருந்தது. பின்சீட்டில் முகம் தெரியாத ஒரு மூச்சு. அது தூங்குகிறதா, தூங்குவதுபோல் பார்த்துக்கொண்டிருக்கிறதா என்று கண்ணாடியில் மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும். கண்ணாடியிலும் பாதிதான் தெரியும்.

அதனால் அவளுக்கு ஒரு முறை இருந்தது. ஆளைப் பின்சீட்டில் உட்காரவைத்து பெல்ட் போடுவாள். பின்கதவுகளின் ஓரத்தில் இருக்கும் குழந்தைப் பூட்டைத் தள்ளிவிடுவாள். அதைத் தள்ளிவிட்டால் உள்ளேயிருந்து கதவு திறக்காது. பாலத்தின் மேல் ஓடும் காரில் ஒருவர் கதவைத் திறந்து இறங்கப் பார்த்த நாளிலிருந்து எல்லா டிரைவர்களும் இதைச் செய்கிறார்கள். வீடு வந்ததும் கேட்டுக்கு முன்னால் இரண்டு சின்ன ஹார்ன். அது கிளப்பின் வழக்கம். உங்க வீட்டு ஆள் வந்தாச்சு, வந்து வாங்கிக்கோங்க என்று அர்த்தம். யாராவது வெளியே வந்து பார்க்கும்வரை டிரைவர் சாவியைக் கொடுக்கக் கூடாது.

அன்றைக்கு அவளுக்கு விழுந்தது தங்கம்.

அந்த மனிதருக்கு டிரைவர்கள் வைத்த பெயர் அது. எல்லோரையும் தங்கம் என்றுதான் கூப்பிடுவார். கடலைப் பார்த்த மேசை அவருக்கென்று காத்திருக்கும். தட்டுகள் வந்துகொண்டே இருக்கும். அவர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு மற்றவர்களுக்குத் தள்ளிக்கொண்டே இருப்பார். குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. தங்கம் சார் கிடைச்சா லாட்டரி என்பார்கள். அவளும் அவரை முன்பு சில முறை கொண்டுபோய் விட்டிருக்கிறாள். முதல் முறை, அவருடைய மென்மையான குரலை நம்பி, தன் மகளுக்கு முன்பல் விழுந்ததைக்கூடச் சொல்லியிருந்தாள்.

ஒவ்வொரு முறையும் அந்த வீட்டில் ஒரே மாதிரிதான் நடக்கும். இரண்டு ஹார்ன் அடிப்பாள். மாடியில் ஒரு விளக்கு எரிந்து அணையும். பிறகு கீழே விளக்கு எரியும். கொஞ்சம் தாமதித்து அவர் மனைவி வந்து கேட்டைத் திறப்பாள். மாடியில் குழந்தை முழித்துக்கொள்கிறது போலிருக்கிறது என்று பிரேக்கக்கா நினைத்திருந்தாள்.

அந்த வாரம் அவள் மகளுக்குக் காய்ச்சல். அன்று மாலைதான் பிள்ளை கண்ணயர்ந்தது. தெருவில் எவனோ அடித்த ஹார்னில் தூக்கிவாரிப் போட்டு எழுந்து அழுதது. தங்கையின் மடியில் விட்டுவிட்டு வேலைக்கு வந்திருந்தாள். அந்த அழுகை இன்னும் காதில் இருந்தது. தங்கத்தின் கேட்டுக்கு முன்னால் கார் நின்றபோது கை ஹார்ன் மேல் போயிற்று. அப்படியே எடுத்துக்கொண்டாள். பாவம், தூங்கட்டும்.

பின்சீட்டில் அவர் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். காரைத் தெருவிலேயே விட்டு, பெரிய கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த சின்ன கேட்டைத் திறந்து நடந்து போனாள். சாத்தியிருந்த கதவை விரல் நுனியால் தட்டினாள்.

கதவு சட்டென்று திறந்தது. அவர் மனைவி நின்றிருந்தாள். கையில் ஒரு சாப்பாட்டுத் தட்டு. ஹாலில் சோபாவில் ஏழெட்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று படக்கதைப் புத்தகத்தை மார்பில் கவிழ்த்தபடி தூங்கிக்கொண்டிருந்தது. மேசையில் பழம் நறுக்கின கத்தி. இவளுடைய சீருடையைப் பார்த்ததும் அந்தப் பெண்ணின் முகம் வெளிறிப்போவதைக் கண்ணால் பார்க்க முடிந்தது.

“ஏன் ஹார்ன் அடிக்கல?”

குழந்தை முழித்துக்கொள்ளுமே என்றுதான் அடிக்கவில்லை என்றாள் இவள். தான் செய்த நல்ல காரியத்தைச் சொல்வதுபோல்தான் சொன்னாள்.

அந்தப் பெண் தட்டைக் கீழே வைத்தாள். கத்தியை எடுத்தாள். சமையலறைக்குள் ஓடினாள். அங்கே இழுப்பறை திறக்கும் சத்தம், இரும்போடு இரும்பு உரசும் சத்தம். கத்திகளை எல்லாம் துண்டில் சுருட்டித் துணி துவைக்கும் மெஷினுக்குள் போட்டு மூடினாள். திரும்பி வந்து மேசையிலிருந்த கண்ணாடி டம்ளர்களைக் கைக்குள் அடுக்கிக்கொண்டாள். எல்லாம் பழகின கை. எந்தச் சாமானுக்கு எந்த இடம் என்று அது யோசிக்கவே இல்லை.

“நீங்க அடிச்சாத்தான் பாப்பாவ மாடில விட்டுப் பூட்டுவேன்” என்றாள் டம்ளர்களோடு நின்றபடி. “எல்லாத்தையும் ஒளிச்சு வைக்க எனக்கு அந்த நேரம்தான்.”

மாடி விளக்கு எதற்கு எரிந்தது என்று இவளுக்கு அப்போதுதான் விளங்கியது. இத்தனை முறை தான் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தது எதை என்பதும்.

தெருவில் டொக் டொக் என்று சத்தம் கேட்டது. மோதிரம் போட்ட விரலால் கார்க் கண்ணாடியைத் தட்டும் சத்தம். இருவரும் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மறுபடி டொக் டொக்.

“அவரால இறங்க முடியாது. பூட்டியிருக்கேன்” என்றாள் இவள். தன் குரல் வேறு யாருடையதோ போல் இருந்தது.

அந்தப் பெண் இவளையே பார்த்தாள். கேட்கவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. அப்படிப் பார்த்திராவிட்டால் இவள் கதவருகிலேயே சாவியை வைத்துவிட்டுப் போயிருப்பாளோ என்னவோ.

“போக இடம் இருக்கா?”

“எங்க அக்கா இருக்கா. ஊருக்கு அந்தக் கடைசி. அங்க போயிட்டா அத்தான் பாத்துக்குவார். ஆனா இவர் உள்ள வந்துட்டா வாசல் தாண்ட முடியாது.”

தெருமுனையில் ஒரு பைக் நிற்கும், கோணல் விளக்கு, பெரியவர், சித்தப்பா என்று கூப்பிடுங்கள், நான் அனுப்பினேன், உங்களை விட்டுவிட்டுப் பாலத்துப் பக்கம் வந்து என்னைத் தேடச் சொன்னேன் என்று சொல்லுங்கள் என்றாள் இவள். கேட் மோட்டார் ரிப்பேர் என்று அவரிடம் சொல்லப்போவதையும் சொன்னாள். அந்தப் பெண் அதற்குள் குழந்தையைத் தோளில் போட்டிருந்தாள். பெட்டி, பை எதையும் தேடவில்லை.

காரில் ஏறியபோது அவர் கண் திறந்திருந்தது.

“வீடு இதானே தங்கம்?”

“கேட் திறக்க மாட்டேங்குது சார். மோட்டார் ஏதோ ஆயிடுச்சு. அம்மா ஆளுக்குச் சொல்லியிருக்காங்க. அதுவரைக்கும் ஏசில உக்காருங்க, ஒரு சுத்து போயிட்டு வந்துடலாம்.”

அவர் யோசித்தார். யோசனையில் பாதியிலேயே தலை சாய்ந்தது. அவள் வண்டியை நகர்த்தினாள். தெருமுனையில் சித்தப்பா பைக்கைக் கிளப்பித் தயாராக இருந்தார். கார் அவரைத் தாண்டும்போது, பொறுங்கள் என்று கையைக் காட்டினாள். கண்ணாடியில் பார்த்தாள். வெகுதூரம் போன பிறகும் கோணல் விளக்கு பின்னால் வரவில்லை. அந்தப் பெண் அவரிடம் போய்விட்டாள் என்று அதற்குப் பொருள். தான் தனியாகிவிட்டதும் அதே பொருள்தான்.

கடற்கரைச் சாலையில் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்தன. உணவகங்களில் நாற்காலிகளை மேசை மேல் கவிழ்த்து அடுக்கிவிட்டுத் தரையைக் கழுவினார்கள். ஒரு பாரின் வாசலில் இரண்டு பெண்கள் உயரமான செருப்புகளைக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். காரை நிறுத்தி அவர்கள் நடுவில் போய் நின்றுகொள்ளலாமா என்று நினைத்தாள். நின்றால் அவர் இறங்குவார். இறங்கினால் ஒரு டாக்சி பிடிப்பார். கால் பிரேக்கைத் தேடியது. அதை இழுத்து ஆக்சிலரேட்டர் மேல் வைத்தாள்.

பாலத்தின் மேல் போகும்போது முதுகுக்குப் பின்னால் பெல்ட் அவிழும் சத்தம் கேட்டது.

“வீடு இன்னும் வரலையா?”

“வந்துட்டே இருக்கு சார்.”

அவர் நகர்ந்து அவள் சீட்டுக்கு நேர் பின்னால் வந்து உட்கார்ந்தார். கண்ணாடியில் இப்போது வெறும் காலி இடம்தான் தெரிந்தது. சீட்டின் தலைப் பகுதியில் அவர் கை வந்து அமர்ந்தது. மோதிரம் அவள் காதுக்குப் பக்கத்தில் இருந்தது.

அவர் போனை எடுத்தார். மனைவிக்குப் போட்டார். அந்தக் காரில் போன் மணி எல்லா ஸ்பீக்கரிலும் அடிக்கும். ட்ரிங் ட்ரிங் என்று கார் முழுக்க மணி நிறைந்தது. எடுக்காதே என்று வேண்டிக்கொண்டாள். உடனே, எடுக்காவிட்டால் தெரிந்துவிடும், எடு என்று வேண்டிக்கொண்டாள்.

“சொல்லுங்க” என்றது மனைவியின் குரல். தூங்கி எழுந்த குரலைப் போலவே அதை வைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் அதற்குப் பின்னால் காற்று இரைந்தது. ஓடும் பைக்கின் காற்று.

பிரேக்கக்கா முன் ஜன்னல் கண்ணாடி இரண்டையும் இறக்கினாள். முன்கண்ணாடியை மட்டும். பின்கண்ணாடியை இறக்கினால் வெளியே கையை விட்டுக் கதவைத் திறந்துவிடலாம். கடல் காற்று ஹோவென்று உள்ளே வந்து அந்தக் காற்றோடு கலந்தது.

“கேட் என்னாச்சு?”

“மோட்டார் போச்சு. ஆள் வர்றேன்னு சொல்லியிருக்கார்.”

“வாசல்ல வந்து நில்லு.”

“நிக்கிறேன்.”

“பாப்பா?”

“தூங்குறா.”

அந்த ஒன்று மட்டும் உண்மையாக இருக்கலாம். போன் அடங்கியது.

“கண்ணாடிய ஏத்து தங்கம்” என்றார் அவர். ஏற்றினாள். வண்டிக்குள் மறுபடியும் அந்த மூச்சு.

“எதுக்கு இறக்கின?”

தூக்கம் வருகிற மாதிரி இருந்தது என்றாள். தூங்கக் கூடாது, தூங்கினால் எல்லோருக்கும் ஆபத்து என்றார் அவர் அன்பாக. பாலம் போய், கடற்கரைச் சாலை போய், மறுபடி பாலம் வந்தது. அதற்குள் அவர் தெளிந்துகொண்டிருந்தார். மூச்சில் குழறல் குறைந்து வருவதை அவளால் கேட்க முடிந்தது. போன் பண்ணலாம், சித்தப்பா எங்கே என்று கேட்கலாம். அதுவும் ஸ்பீக்கரில் கேட்டாலும் கேட்கும். இந்த வண்டியில் ரகசியமாக அவளிடம் இருந்தது கண் மட்டும்தான். அதை வைத்துக் கண்ணாடியில் ஒற்றை விளக்கைத் தேடினாள்.

ஒன்று வந்தது. பத்திரிகை போடுகிறவர். இன்னொன்று வந்து நேராக அவள் கண்ணில் அடித்துவிட்டுத் தாண்டிப் போனது. அது சாலையைப் பார்க்கும் விளக்கு. அவளுக்கு வேண்டியது மரத்தைப் பார்க்கும் விளக்கு.

“உன் பொண்ணுக்குப் பல்லு முளைச்சிடுச்சா?”

ஸ்டியரிங்கில் கை வழுக்கியது.

“பல்லு விழுந்திருக்குன்னு சொன்னியே. நான் மறக்க மாட்டேன். எந்த ஸ்கூல்ல படிக்குது?”

அவள் ஒரு பள்ளியின் பெயரைச் சொன்னாள். அப்படி ஒரு பள்ளி எங்கும் இல்லை. அவர் ‘ம்’ என்றார். அவர் விரல் சீட்டின் தோலில் மெல்லத் தட்டியது, கண்ணாடியில் தட்டிய அதே தாளத்தில்.

“நாம இந்தப் பாலத்துல போறது எத்தனாவது தடவை தங்கம்?”

அவள் கழுத்தின் பின்புறம் முழுக்க ஈரமாகியிருந்தது. அந்த விரல் அங்கே இறங்கப் போகிறது என்று ஒவ்வொரு விளக்குக் கம்பத்திலும் நினைத்தாள். இறங்கவில்லை. இறங்கியிருந்தால்கூட இந்தப் பயம் ஒரு முடிவுக்கு வந்திருக்கும் என்று தோன்றியது. கடலுக்கு மேல் வானம் சாம்பலாக ஆரம்பித்தது.

அப்போது கண்ணாடியின் மேல்விளிம்பில் ஒரு மரக்கிளை வெளிச்சமானது. அதற்கடுத்த கிளை. அதற்கடுத்தது. கீழே, வெகு பின்னால், கோணலாக ஒரு விளக்கு.

“என்ன சிரிக்கிற?” என்றார் அவர்.

தான் சிரித்தது அவளுக்கே தெரியாது.

“வீடு வந்துடும் சார்.”

கேட்டுக்கு முன்னால் நிறுத்தினாள். இரண்டு சின்ன ஹார்ன் அடித்தாள். வழக்கப்படி கொஞ்சம் பொறுத்தாள். மாடியில் விளக்கு எரியவில்லை. கீழேயும் எரியவில்லை. சின்ன கேட் திறந்தபடி லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

“இன்னொரு தடவ அடி.”

அடித்தாள். அவர் முன்னால் குனிந்து மாடி ஜன்னலைப் பார்த்தார். திறந்து கிடந்த சின்ன கேட்டைப் பார்த்தார். பிறகு அவர் முகம் மெதுவாகத் திரும்பிக் கண்ணாடிக்குள் வந்தது. இரவு முழுக்க அவள் பார்க்கப் பயந்த முகம், முழுசாக. அதில் கோபமே இல்லை. ஏதோ கணக்குப் பார்க்கிற முகம்.

“தங்கம்” என்றார்.

அவள் இறங்கிக் கதவைச் சாத்தினாள். உள்ளே கைப்பிடி இழுபடும் சத்தம் கேட்டது. திறக்கவில்லை. இனி அவர் சீட்டுக்கு மேல் ஏறி முன்பக்கம் வந்துதான் இறங்க வேண்டும். சாவியைக் கேட் தூணின் மேல் வைத்தாள். ஓடக் கூடாது என்று நடந்தாள். சித்தப்பா பைக்கை அணைக்காமல் நின்றிருந்தார்.

“சேத்தாச்சு” என்றார் திரும்பாமலே. “புள்ள வழியெல்லாம் தூக்கம். ஒத்தச் செருப்பு எங்கயோ விழுந்துடுச்சு. அந்த அத்தான்காரர் என்னைத்தான் மேலயும் கீழயும் பாக்கிறார், நான் ஏதோ கடத்திட்டு வந்த மாதிரி.”

அவள் ஏறிக்கொண்டு அவர் சட்டையைப் பிடித்தாள். பின்னால் ஹார்ன் எழுந்தது. சின்ன ஹார்ன் இல்லை. முன்சீட்டுக்கு வந்துவிட்ட ஒருவர் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டு எடுக்காத ஹார்ன். தெருவில் ஒவ்வொரு வீடாக விளக்கு எரிந்தது. ஜன்னல்கள் திறந்தன. அந்த ஒரு வீடு மட்டும் இருட்டாகவே இருந்தது.

“வேகமா போங்க சித்தப்பா” என்றாள் பிரேக்கக்கா.