ஏறாத கோடு

எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் தோற்பது தானாக நடப்பதில்லை. வீட்டார் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும்.

ஏப்ரல் கடைசியில் ஹெட்மாஸ்டர் என்னை வரச் சொன்னார். பிழைக்க வந்த மலையாள நாட்டில், தம்பானூரில் ஒரு லாட்ஜில் எனக்கு ராத்திரி வேலை. ஷிஃப்ட் முடிந்து நேராக அவர் அறைக்குப் போனேன். மலையாளத்தில் எழுதிய கடிதம் மேஜையில் தயாராக இருந்தது. என் தங்கை இசக்கிசெல்வி படிப்பில் பின்தங்கியிருப்பதால், அவளை இன்னொரு வருஷம் ஒன்பதிலேயே இருத்தும்படி நாங்களே கேட்டுக்கொள்கிறோமாம்.

"லிங்கராஜே, ஒப்பு மட்டும் போட்டா மதி. குட்டியோட நன்மைக்காக்கும்" என்று கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினார்.

நன்மை யாருக்கென்று எனக்குத் தெரியும். இந்த அரசுப் பள்ளி மூன்று வருஷமாகப் பத்தாம் வகுப்பில் நூறு சதவீதம். தோற்கக்கூடியவர்களைப் பத்துக்கே அனுப்பாவிட்டால் நூறு வராமல் எங்கே போகும். நிறுத்தப்பட்டவர்கள் மறுபடி ஒன்பது படிக்க வருவதில்லை. பையன்கள் ஓட்டலுக்குப் போவார்கள், பெண்கள் ஜவுளிக்கடைக்கு. நானும் அப்படிப் போனவன்தான். செல்விக்காகப் பழவங்காடியில் ஒரு கடையில் அம்மா ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தாள்.

பேனாவை எடுத்தபோது கணக்கு டீச்சர் சுப்புலக்ஷ்மி உள்ளே வந்தார். கையில் ஒரு கட்டு கிராஃப் தாள்.

"கொஞ்சம் இருங்கோ. இதைப் பார்த்துட்டுப் போடட்டும்."

செல்வியின் மாதத் தேர்வு மார்க்குகளைப் புள்ளி வைத்து இணைத்திருந்தார். கோடு ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தரையோடு கிடந்தது. அக்டோபர், நவம்பரில் ஏறியது. டிசம்பரில் மறுபடி படுத்துவிட்டது.

"இப்பவும் பாஸ் மார்க் எட்டலையே டீச்சரே" என்றார் ஹெட்மாஸ்டர்.

"எட்டலை. ஆனா ஏற முடியும்னு தெரியறதே."

ஹெட்மாஸ்டர் தாளைப் பக்கத்தில் இழுத்தார். "அக்டோபர்ல டீச்சர் லீவல்லே?"

"ஆமா. கால் ஒடிஞ்சு ஆத்துல கிடந்தேன். தினக்கூலிக்கு வந்த மைதீன் சார்தான் வகுப்பெடுத்தார்."

ஹெட்மாஸ்டர் சிரித்தார். "அப்போ குழப்பம் குட்டிக்கில்லை. டீச்சருக்காக்கும்."

"அதைச் சொல்லத்தான் வந்தேன்."

மீதித் தாள்களையும் பரப்பினார். மொத்த வகுப்பும் இருந்தது. அவர் இல்லாத அந்த இரண்டு மாதத்தில்தான் கோடுகள் நிமிர்ந்திருந்தன. முதல் ஐந்து ராங்க்காரர்களின் கோடு மட்டும் வருஷம் முழுக்க உயரத்தில் பலகை போல் நேராகப் போயிற்று.

"இவா அஞ்சு பேர் மார்க்கைக் காட்டித்தான் நல்ல டீச்சர்னு பேர் வாங்கினேன். ஜூன்ல வரும்போதே இந்த மார்க்கோடதான் வந்தா. நான் ஒண்ணும் கூட்டலை."

எனக்குக் கோபம்தான் வந்தது. "வருசம் முடிஞ்ச பொறவு வந்து சொல்லுதீங்களே டீச்சர்" என்றேன்.

"மார்க்கை ரிஜிஸ்டர்ல ஏத்தறதோட சரி. வரைஞ்சு பார்த்தது போன வாரந்தான்."

"அந்த சார் அப்படி என்ன செஞ்சாரு?"

"தேடிப் போய்க் கேட்டேன். போர்டைத் தொடறதுக்கு முன்னாடி, கேள்வியைப் பக்கத்துல இருக்கறவாளுக்குச் சொந்த வார்த்தையில சொல்லச் சொல்லுவாராம். தமிழ்ப் பிள்ளைகள் தமிழ்ல. நான் நேரா விடைக்குப் போயிடுவேன். கேள்வியே புரியலைங்கறது எனக்குத் தெரியலை."

"நல்ல காரியம். பக்ஷே அடுத்த மார்ச்சில இவள் தோத்தா நூறு போச்சு. ஆரு சமாதானம் சொல்லும்?" என்றார் ஹெட்மாஸ்டர்.

"நான்."

அது அவர்கள் இருவர் விவகாரம். எனக்கு வேண்டியது வேறு. "இவ பாஸாவாளா டீச்சர்?"

"தெரியாது" என்றார். "நான் பழையபடி எடுத்தா மாட்டா. நான் மாத்திண்டா ஆகலாம். மாசாமாசம் வரைவேன். கோடு படுத்தா உங்களைக் கூப்பிட்டுச் சொல்றேன்."

கட்டாயம் பாஸாவாள் என்று சொல்லியிருந்தால் நம்பாமல் கையெழுத்துப் போட்டிருப்பேன். பேனாவை வைத்துவிட்டு எழுந்தேன்.

"பின்னே இங்க வந்து கரையக் கூடாது" என்றார் ஹெட்மாஸ்டர்.

"அழ மாட்டேன் சார்."

வீட்டில் அம்மா கட்டட வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கேட்டதும் தலைத்துணியைக் கீழே போட்டாள்.

"ஜவுளிக்கடையில என்னலே சொல்லட்டும்?"

"வரலன்னு சொல்லு."

"பெயிலாயிட்டான்னா?"

"பத்துல பெயிலாவட்டும். அதுக்கு மின்னாடி ஆளுக்காளு அவள பெயிலாக்க வேண்டாம்."

"பெரிய கலெக்டரு" என்று முனகினாள். ஆனால் போகும் வழியில் கடையில் சொல்லிவிட்டாள்.

மே மாதம் கோடை வகுப்பு தொடங்கியது. மைதீன் சார் பள்ளி வேலை முடிந்து, சாலை பஜாரில் அண்ணன் கடையில் நின்றார். கடை திறக்கும்முன் ஒரு மணி நேரம் வந்து எடுக்கச் சம்மதித்திருந்தார். செல்வியைக் கொண்டுவிட்டு நான் வராந்தாவில் நின்றேன். சுப்புலக்ஷ்மி டீச்சர் கடைசி பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

மைதீன் தொட்டிக் கணக்கு ஒன்றை வாசித்தார். ஒரு குழாய் நிரப்பும், இன்னொன்று காலியாக்கும். "பக்கத்தாளுக்குச் சொல்லுங்க" என்றார்.

"ஒண்ணுல தண்ணி வருது டீச்சர். இன்னொண்ணுல..." என்று செல்வி தொடங்கினாள். டீச்சர் அதற்குள் சமன்பாடு எழுத ஆரம்பித்துவிட்டார்.

"டீச்சரே, பென்சில் கீழ" என்றார் மைதீன். "அவ முடிக்கலை."

வகுப்பு சிரித்தது. டீச்சருக்கு முகம் சிவந்தது. எழுதியதை அடித்துவிட்டு, பென்சிலை பெஞ்சில் வைத்து, செல்வி பக்கம் திரும்பினார்.

"சொல்லுடி. முதல்லேர்ந்து சொல்லு."